பழைய ஃபைபர்கிளாஸ் ஃப்ளை ராட்: 6½ அடியா, 7½ அடியா, 8½ அடியா?

கேள்வி இதுதான்: 1960, 70களில் செய்த மூன்று ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) ஃப்ளை ராடுகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஃப்ளை ராட் என்பது, பூச்சி போலக் கட்டிய லேசான செயற்கை இரையை (ஃப்ளை) கனமான லைனின் எடையால் வீசும் தூண்டில் கோல். ஒன்று 6½ அடி, ஒன்று 7½ அடி, இன்னொன்று 8½ அடி. வாங்க முடிவது ஒன்றைத்தான். பெரும்பாலும் சிறிய ஓடைகளிலும் நடுத்தர ஆறுகளிலும் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர், எப்போதாவது ஏரிக்கும் போவார். இதுவரை வீசிப் பழகியது 9 அடி கார்பன் ராட் மட்டும். எந்த நீளத்தை எடுப்பது?

7½ அடியை எடுங்கள். உங்கள் ஓடை மிகக் குறுகலாகவும் தலைக்கு மேல் கிளைகள் மூடியும் இருந்தால் மட்டும் 6½. ஏரியும் பெரிய ஆறும்தான் உண்மையில் உங்கள் இடம் என்றால் மட்டும் 8½. ஆனால் இந்த விடையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒரே நீளமுள்ள இரண்டு பழைய ராடுகள் கையில் முற்றிலும் வேறு வேறு கருவிகளாக இருக்கும். நீளத்தின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், விற்பவர் சொல்வதை நம்பாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கார்பன் ராடில் பழகியவருக்கு நீளம் ஒரு பெரிய விஷயமே இல்லை. 9 அடி என்பது அங்கே இயல்பான அளவு. எடை 80, 90 கிராம்தான் இருக்கும். கண்ணாடி இழையில் கணக்கு வேறு. கார்பன் இழையின் விறைப்பு, சாதாரண ஈ-கிளாஸ் எனப்படும் கண்ணாடி இழையைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. கண்ணாடி இழையின் அடர்த்தியோ கார்பனை விட அதிகம். அதாவது ஒரே விறைப்பைக் கொண்டுவர, கண்ணாடியில் அதிகப் பொருளைப் போட வேண்டும், அந்தப் பொருளும் கனமானது. இந்தச் சுமை நீளத்தோடு சேர்ந்து ஏறுகிறது, அதுவும் நேர்விகிதத்தில் அல்ல.

ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் பாரம் தொங்கவிட்டால், கோல் வளையும் அளவு நீளத்தின் முப்படியைப் பொறுத்தது. 6½ அடிக்கும் 8½ அடிக்கும் இடையில் நீளம் 1.3 மடங்குதான் கூடுகிறது. ஆனால் குழாயின் தடிமன் மாறாமல் இருந்தால், அதே பாரத்துக்கு நீளமானது இரண்டு மடங்குக்கும் மேல் தொய்யும். கையில் சுழற்றும்போது உணரும் பாரமும் அதே போல இரட்டிப்பைத் தாண்டும். தொய்வைச் சரிக்கட்ட, செய்தவர் குழாயைப் பெரிதாக்கியிருப்பார் அல்லது சுவரைத் தடிப்பாக்கியிருப்பார். அதனால் பாரம் இன்னும் கூடும். பழைய 6½ அடி ராட் ஒன்று 80 கிராம் சுமாருக்கு இருக்கும். 7½ அடி 100 கிராமைச் சுற்றி. 8½ அடி 130, 140 கிராமைச் சாதாரணமாகத் தொடும். தராசில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்தக் கூடுதல் எடையின் ஒரு பங்கு மணிக்கட்டிலிருந்து வெகுதூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு வீச்சிலும் அதை நிறுத்தித் திருப்ப வேண்டும். நாள் முழுவதும் வீசுகிறவருக்கு மாலையில் முழங்கை அதைச் சொல்லும்.

வேகமும் குறைகிறது. வளைந்த கோல் நிமிர்ந்து வர எடுக்கும் நேரம் நீளத்தின் வர்க்கத்தோடு கூடும். கண்ணாடி ஏற்கெனவே நிதானமான பொருள். 7½ அடியில் அந்த நிதானம் இனிமையாக இருக்கும். லைன் பின்னால் விரிவதைக் கையாலேயே உணரலாம். 8½ அடியில் அதே நிதானம் சில ராடுகளில் சோம்பலாக மாறிவிடும். வீச்சை நிறுத்திய பிறகும் நுனி ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம் லைனில் அலையாகப் போகும். எல்லா நீள ராடுகளும் அப்படி இல்லை. நல்ல தயாரிப்பாளர்கள் டேப்பரை, அதாவது பிடியிலிருந்து நுனிவரை குழாய் மெலிந்துகொண்டே போகும் விதத்தைச் சரியாக அமைத்து, 8½ அடியையும் உயிரோடு வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நீளத்தில் தவறு செய்ய இடம் அதிகம். 7, 7½ அடியில் சுமாரான தயாரிப்பாளர்கூட ஓரளவு நல்ல ராட் செய்துவிட்டார். என் பரிந்துரைக்கு முதல் காரணம் இதுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

6½ அடி ராட் பார்த்தவுடனே ஆசை வரும் பொருள். மெலிதாக, லேசாக இருக்கும். ஒரு சாண் மீன் மாட்டினாலும் பிடிவரை வளையும். இரண்டு எட்டில் தாண்டக்கூடிய ஓடை, இருபுறமும் புதர், மேலே கிளைகள், 10 முதல் 20 அடி தூரத்துக்குள் எல்லா வீச்சும் என்றால் இதற்கு ஈடு இல்லை. கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசி, கிளைக்கு அடியில் ஃப்ளையை நுழைக்கலாம். இடமே இல்லாத இடத்தில் ஃப்ளையை விரல்களில் பிடித்து ராடை வில்லாக வளைத்து எய்யலாம். கண்ணாடி ராட் அதற்கென்றே பிறந்தது போல வேலை செய்யும்.

ஆனால் ஓடை சற்றே அகன்றதும் குட்டை ராடின் குறை தெரியத் தொடங்கும். வீசுவதில் சிக்கல் இல்லை. வீசி முடித்த பிறகுதான் சிக்கல். ஃப்ளை விழுந்த இடத்தில் நீர் மெதுவாக ஓடுகிறது, உங்களுக்கும் அதற்கும் நடுவில் வேகமான ஓட்டம் இருக்கிறது. அந்த ஓட்டம் லைனை இழுக்க, ஃப்ளை இயல்பில்லாமல் சறுக்கும். ட்ரவுட் அதைப் பார்த்ததும் விலகிவிடும். நீளமான ராட் இருந்தால் லைனை நீரிலிருந்து தூக்கியே பிடிக்கலாம், அல்லது கிடக்கும் லைனை மேல்நீர்ப் பக்கம் எடுத்துப் போடலாம். இதற்குத்தான் மெண்டிங் என்று பெயர். 6½ அடியில் நுனி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் எடுக்க முடிகிற லைன் கொஞ்சம்தான். இடுப்பளவு நீரில் நிற்கும்போது பின்வீச்சு பின்னால் உள்ள உயரமான புல்லில் போய் மாட்டும். மிதவைக் குழாயில் உட்கார்ந்து ஏரியில் பிடிக்கிறவர் இதை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சேகரிப்பவர்கள் துரத்துவது குட்டை ராடுகளைத்தான், குறிப்பாக லேசான லைனுக்கு ஆனவற்றை. அதனால் நீளம் குறையக் குறைய விலை ஏறும். 8½, 9 அடி ராடுகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றைக் கேட்பவர்கள் குறைவு, விலையும் குறைவு. விலையைப் பார்த்து "இதுதான் நல்லது போல" என்று நினைத்துவிடாதீர்கள். அலமாரியில் வைப்பவரின் மதிப்பும் ஆற்றில் நிற்பவரின் மதிப்பும் வேறு வேறு.

8½ அடிக்கு வருவோம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளை ராட் என்றால் பெரும்பாலும் இந்த நீளம்தான். பாஸ், ட்ரவுட், ஏரி, ஆறு எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற எண்ணத்தில் செய்தது. எண் 7 அல்லது 8 லைனுக்கானவை அதிகம் (எண் கூடக் கூட லைன் கனமாகும்). நீர்மேல் மிதக்கும் பெரிய ஃப்ளையான பாப்பர், சிறுமீன் போன்ற கனமான ஃப்ளையான ஸ்ட்ரீமர், மூழ்கும் லைன் இவற்றை வீச அது இன்றும் நல்ல கருவி. மெதுவான வீச்சு இங்கே நன்மை. கனமான ஃப்ளை வேகமான கார்பன் ராடில் பின்னால் போய் வெட்டி இழுக்கும், கண்ணாடியில் அகன்ற லூப்பாகச் சாந்தமாகத் திரும்பி வரும். ஆனால் 12ஆம் எண் கொக்கியில் கட்டிய, நீர்மேல் மிதக்கும் சிறிய உலர் ஃப்ளையை 25 அடியில் மெல்ல இறக்க இதைத் தூக்கிக்கொண்டு போவதில் பொருள் இல்லை. எண் 7 லைன் அமைதியான நீரில் விழும் சத்தத்திலேயே மீன் போய்விடும். எட்டரை அடியில் எண் 5 அல்லது 6 லைனுக்குச் செய்த கண்ணாடி ராட் கிடைத்தால் அது வேறு கதை, அதை நிதானமாக வீசிப் பார்த்து முடிவு செய்யலாம். அப்படிப்பட்டவை குறைவு.

7½ அடி ராட் இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவே சமரசமாக நிற்பது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது சமரசமாகத் தெரியவில்லை. கண்ணாடி இழை என்ற பொருளுக்கு இயல்பாகப் பொருந்தும் நீளம் 7 முதல் 8 அடிவரை என்பதே என் கருத்து. பொருளின் நிதானம் சோம்பலாக மாறாமலும், நீளம் தரும் கட்டுப்பாடு கையை விட்டுப் போகாமலும் இருக்கும் இடம் அது. எண் 5 அல்லது 6 லைனோடு 15 அடியிலிருந்து 45 அடிவரை தடுமாற்றமின்றி வீசலாம். ட்ரவுட் பிடிக்கும் தூரத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி நரம்பான டிப்பெட்டில் பெரிய மீன் திடீரென்று ஓடினால் ராடே வளைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 8 அடி ஒன்றும் உங்கள் பட்டியலில் இருந்திருந்தால், நடுத்தர ஆற்றுக்கு அதையே முதலில் வீசிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். 7 அடி இருந்திருந்தால், ஓடைக்கு 6½ஐ விட அதுவே மேல் என்றிருப்பேன்.

சரி, நீளத்தைத் தீர்மானித்தாயிற்று. அதை விட முக்கியமானது அந்த ராட் எந்த எடை லைனுக்குச் செய்யப்பட்டது என்பது. பழைய ராடில் பிடிக்கு மேலே கையால் எழுதிய எழுத்தைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனமான ஃபென்விக்கின் ராடு என்றால் எண்ணிலேயே விவரம் இருக்கும். எஃப்எஃப்755 என்றால் 7½ அடி, எண் 5 லைன். எஃப்எஃப்807 என்றால் 8 அடி, எண் 7 லைன். வேறு சிலவற்றில் எச்டிஎச், எச்சிஎச், ஜிபிஎஃப் என்று எழுத்துகள் மட்டும் இருக்கும். இது பட்டு லைன் காலத்து முறை. ஒவ்வோர் எழுத்தும் லைனின் விட்டத்தைக் குறிக்கும். ஏ என்றால் 0.060 அங்குலம். அங்கிருந்து எச் வரை ஒவ்வோர் எழுத்துக்கும் 0.005 அங்குலம் குறையும். எச்டிஎச் என்றால் இரு முனைகளும் மெல்லிய எச், நடுவயிறு டி. பட்டில் விட்டம் தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்த பிறகு ஒரே விட்டமுள்ள லைன்கள் வெவ்வேறு எடையில் வந்தன, எழுத்து முறை குழம்பிப்போனது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர் சங்கம் எடை முறைக்கு மாறியது. லைனின் முதல் 30 அடி எத்தனை கிரெயின் (கிராமை விடச் சிறிய எடை அலகு) என்பதே கணக்கு: எண் 4 என்றால் 120, எண் 5 என்றால் 140, எண் 6 என்றால் 160, எண் 7 என்றால் 185, எண் 8 என்றால் 210. எண் 5 லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம், எண் 8 என்றால் 13½ கிராம். பழைய எழுத்துகளைத் தோராயமாக மாற்றினால் எச்இஎச் எண் 5, எச்டிஎச் எண் 6, எச்சிஎச் எண் 7. ஜிபிஎஃப் என்றால் முன்பக்கம் கனத்த எண் 8.

இந்த 30 அடிக் கணக்கில் ஓடைக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சிறிய ஓடையில் நுனிக்கு வெளியே 30 அடி லைன் ஒருபோதும் போவதில்லை. 12, 15 அடிதான். அப்போது ராடு உணரும் எடை எழுதப்பட்டதில் பாதிகூட இருக்காது, ஏனென்றால் லைனின் முன்பகுதி மெலிந்தே இருக்கும். ராட் வளையாவிட்டால் வீச்சு வெறும் கைவேகமாகிவிடும். அதனால்தான் குட்டை ராடுகள் பலவற்றுக்குத் தோற்றத்துக்குப் பொருந்தாத கனமான லைன் எழுதியிருப்பார்கள், எண் 5, எண் 6 என்று. அது தவறில்லை. அந்தக் குறுகிய தூரத்தில் ராட் உயிர்பெற அவ்வளவு எடை தேவை. 6½ அடியைத்தான் எடுப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், எழுதியிருப்பதை விட ஒரு எண் கூட்டியும் வீசிப் பாருங்கள்.

எழுத்தே அழிந்துபோன ராடாக இருந்தால் வீட்டிலேயே அளக்க ஒரு வழி உண்டு. பில் ஹன்னமன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. பிடியைக் கிடைமட்டமாக மேசையில் இறுக்கிக் கட்டிவிட்டு, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, அதில் ஒரே மாதிரி நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நுனி, ராட் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும்போது நிறுத்தி நாணயங்களை எண்ணிக்கொள்ள வேண்டும். அவர் பயன்படுத்தியது 2.5 கிராம் எடையுள்ள அமெரிக்க ஒரு சென்ட் நாணயம். வேறு எதுவானாலும் எடை தெரிந்திருந்தால் போதும். மூன்று ராடையும் இப்படி அளந்தால், லேபிளை நம்பாமல் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். விற்பவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராடுகள் எங்கிருந்து வந்தவை என்று கொஞ்சம் தெரிந்திருப்பது கையில் எடுத்துப் பார்க்கும்போது உதவும். 1940களின் நடுவில் ஆர்தர் ஹோவால்டு என்ற ஆராய்ச்சியாளர், உடைந்த மூங்கில் ராட் நுனிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் ஒன்றைச் செய்யப் போய்த்தான் இந்தத் தொழிலே தொடங்கியது. ஷேக்ஸ்பியர் நிறுவனம் அவர் முறையை எடுத்துக்கொண்டு வொண்டர்ராட் என்ற பெயரில் விற்றது. வெள்ளை நிறம், இழைகள் நீளவாக்கில் ஓடும். 1950 முடிவில் அமெரிக்கா சீனாவுடனான வணிகத்தை நிறுத்தியபோது ராட் செய்யப் பயன்பட்ட டோங்கின் மூங்கில் வருவது நின்றது. அடுத்த 20 ஆண்டுகள் கண்ணாடிக்கு நல்ல காலம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வேறு வழியில் செய்தார்கள்: பிசினில் ஊறிய கண்ணாடித் துணியை அளவாக வெட்டி, கூம்பான எஃகுக் கம்பியில் சுற்றி, மேலே செலஃபேன் நாடாவை இறுக்கிச் சுற்றி, சூளையில் வேகவைத்துக் கம்பியை உருவிவிடுவது. சில பழைய ராடுகளில் விரலால் தடவினால் சுருள் சுருளாக மெல்லிய வரம்புகள் தெரியும். அந்த நாடாவின் தடம் அது. குறையென்று நினைத்து ஒதுக்க வேண்டாம். தேய்த்து வழவழப்பாக்காமல் விட்டதால் வெளிப்புற இழை கெடாமல் இருக்கிறது. டென்வரில் பில் பிலிப்சன் எபாக்சி பிசினில் செய்த பழுப்பு நிற ராடுகளும், ஃபென்விக்கும், வின்ஸ்டனும் இன்றுவரை விரும்பித் தேடப்படுகின்றன. ரைட் அண்ட் மெக்கில் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈகிள் கிளா ஃபெதர்லைட், சாதாரண விலையில் கண்ணாடியை அறிமுகம் செய்துகொள்ள நல்ல வழி. 1973இல் ஃபென்விக் கார்பன் ராடைக் கொண்டுவந்ததும் சில ஆண்டுகளிலேயே கண்ணாடி பின்னுக்குப் போனது. அதாவது உங்கள் முன் இருக்கும் மூன்றும் அந்தக் கலை முதிர்ந்திருந்த காலத்தவை. நல்ல செய்தி.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் நீளத்தோடு நேரடியாகத் தொடர்புடையது ஒன்று. அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். நுனி இரண்டு மூன்று அங்குலம் உடைந்து, கடைசி வளையத்தைத் திரும்ப ஒட்டி விற்பது பழைய ராடுகளில் மிகச் சாதாரணம். இரண்டு துண்டு ராடுகளில் துண்டுகள் ஏறக்குறைய சமநீளமாக இருக்கும். நுனித்துண்டு மட்டும் குட்டையாக இருந்தாலும், மொத்த நீளம் எழுதியதை விடக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். நுனியில் போன 3 அங்குலம் என்பது மிக மெல்லிய, மிக மென்மையான 3 அங்குலம். அது போனால் ராட் விறைத்துவிடும். கனமான லைன் கேட்கும், மெல்லிய டிப்பெட்டைக் காக்காது. 7½ என்று எழுதிய ராட் 7 அடி 3 அங்குலம் இருந்தால் அது நல்ல 7¼ அடி ராட் ஆகிவிடாது.

அடுத்தது ஃபெரூல், அதாவது இரண்டு துண்டும் சேரும் இடம். உலோக ஃபெரூல் என்றால் மாட்டிவிட்டு லேசாக ஆட்டுங்கள். டிக் டிக் என்று சத்தமோ அசைவோ இருந்தால் தேய்ந்திருக்கிறது அல்லது உள்ளே பசை விட்டிருக்கிறது. பசை விட்டதைத் திரும்ப ஒட்டிவிடலாம், தேய்ந்ததைச் சரிசெய்வது கடினம். கழற்றும்போது நல்ல உலோக ஃபெரூல் "பக்" என்று சத்தம் கொடுக்கும். கண்ணாடி மேல் கண்ணாடியே மாட்டும் வகையை ஃபென்விக்கில் ஜிம் கிரீன் ஃபெரலைட் என்ற பெயரில் கொண்டுவந்தார். கண்ணாடி ராடில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் அது. நடுவில் வளையாத உலோகக் கட்டி இல்லாததால் வளைவு தடையில்லாமல் ஓடுகிறது, எடையும் குறைகிறது. எடை குறைவது நீளமான ராடில்தான் அதிகம் தெரியும் என்பதால், 8½ அடி வாங்குவதென்றால் இந்த வகையாகப் பாருங்கள். இதில் மாட்டிய பிறகும் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். முழுவதும் உள்ளே போய் முட்டி நின்றால் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாட்டும்போது கொஞ்சம் மெழுகு தடவினால் தேய்மானம் குறையும். பெண் பகுதியின் வாயில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் வேகமாகப் பார்த்துவிடலாம். ராடை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். வெளிறிய பிறை போன்ற தடம் தெரிந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது, பெரிய மீனில் அங்கேதான் உடையும். வளையங்களில் லைன் அறுத்த பள்ளம், நூல் கட்டில் வெடிப்பு, கார்க்கில் குழி இவையெல்லாம் மாற்றக்கூடியவை. பிளாங்க், அதாவது கோல் மட்டும் மாற்ற முடியாதது.

வீசிப் பார்க்க அனுமதி கிடைத்தால் உங்கள் ரீலையும் எண் 5, எண் 6 லைனையும் கொண்டு போங்கள், புல்வெளியே போதும். கார்பன் கைப்பழக்கத்தோடு வீசினால் மூன்றும் மோசமாகத் தெரியும், அதில் 8½ மிக மோசமாக. பின்வீச்சில் லைன் நேராவதற்கு நீங்கள் பழகியதை விட அரை நொடி கூடக் காத்திருங்கள். அதிகம் தள்ளாதீர்கள். திடீரென்று வேகம் கூட்டினால் மென்மையான நுனி சரேலென்று தாழ்ந்து, லைன் தன்னையே வெட்டிச் சிக்கலாகும். வீச்சின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, வேகத்தைக் கடைசிவரை மெல்ல மெல்ல ஏற்றி, சட்டென்று நிறுத்துங்கள். முதலில் 20 அடி, அப்புறம் 30, அப்புறம் 40. 20 அடியிலேயே ராட் வளைவதை உள்ளங்கையில் உணர்ந்தால் அது ஓடைக்கான ராட். 40 அடியில் பிடிவரை சரிந்து தொய்ந்துவிட்டால் லைன் கனம், ஒரு எண் குறைத்து மறுபடி வீசுங்கள். நிறுத்தியபின் நுனி எத்தனை முறை ஆடுகிறது என்று கவனியுங்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கினால் நல்ல டேப்பர். அதற்குமேல் ஆடிக்கொண்டே இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இந்தச் சோதனையில் உங்கள் 7½ தோற்று, 8½ தேறினால் தயங்காமல் 8½ஐ எடுங்கள். நீளத்தை விட இது பெரிய சாட்சி.

லைனைப் பொறுத்தவரை, இருமுனை மெலிந்த டபுள் டேப்பரே கண்ணாடிக்கு என் முதல் தேர்வு. நீங்கள் சொன்ன நீர்நிலைகளில் பின்வீச்சு இல்லாமல் லைனை முன்னால் உருட்டி எறியும் ரோல் காஸ்ட் அடிக்கடி வேண்டியிருக்கும், அதற்கு நீளமான கனத்த வயிறு உதவும். ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மிக வேகமான கார்பன் ராடுகளுக்காக எழுதிய எண்ணை விடக் கனமாகச் செய்யும் லைன்களைத் தவிருங்கள். எண் 5 என்று போட்டு ஏறக்குறைய எண் 6 எடையில் விற்கப்படுபவை உண்டு, பெட்டியில் கிரெயின் அளவு போட்டிருக்கும், 140ஐ ஒட்டி இருப்பதாகப் பாருங்கள். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் நரம்பான லீடர் ஓடைக்கு 7½ அடி போதும், ஆற்றுக்கு 9 அடி. ரீல் மிக லேசானதாக வேண்டாம். பழைய கண்ணாடி ராடின் நுனிப்பாரத்தைச் சமன்செய்ய அந்தக் காலத்து ரீலின் எடையே பொருத்தமாக இருக்கும். 7½ அடி ராடை ரீலோடு மாட்டி, கார்க் பிடியின் முன்பகுதியில் ஒரு விரலில் தாங்கி நிறுத்திப் பாருங்கள். அங்கே சமமாக நின்றால் அந்த ரீலே போதும்.